எலும்புக் கட்டிகள்: அச்சமும் அசட்டையும்

தேர்வாய் கண்டிகையில் விழாவையொட்டி நடைபெற்ற குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

பெரியோர்களே, தாய்மார்களே, காலைப் பணி முடித்துச் சீருடையைக்கூட மாற்றாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் இளைஞர்களே!

இலக்கியச் சொற்பொழிவை எதிர்பார்த்து வந்தவர்கள் என்னைப் பொறுத்தருள வேண்டும். முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வகுப்பறையில் சீவக சிந்தாமணியும் நாலடியாரும் கற்பித்த ஒருவன் எலும்பில் தோன்றும் கட்டிகளைப் பற்றிப் பேச முன்வந்தது ஏன் என்று நீங்கள் வியக்கலாம். நான் மருத்துவன் அல்லேன். என்னிடம் பயின்ற மாணவன் ஒருவனுடைய முழங்காலின் பொருட்டு மருத்துவமனைத் தாழ்வாரங்களில் பல நாள் காத்திருந்தவன். மருத்துவர்களைக் கேட்டும், பின்னர் நூல்களைப் புரட்டியும் அறிந்துகொண்டவற்றையே உங்கள் முன் வைக்கிறேன்.

இவ்வூரில் இதைப் பேசுவதற்கும் காரணம் உண்டு. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களில் நெல்லும் மணிலாவும் விளைவித்த குடும்பங்களின் பிள்ளைகள் இன்று கும்மிடிப்பூண்டியிலும் இந்தத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்காவிலும் முறைமாற்றிப் பணிபுரிகின்றனர். எட்டு மணி நேரம் நின்றுகொண்டே செய்யும் வேலை. கால் வலிக்காமல் இருந்தால்தான் வியப்பு. 'நின்று நின்று வந்த வலி' என்று எல்லா வலிக்கும் ஒரே காரணத்தைச் சொல்லிவிடுவது இங்கே மிக எளிது. என் மாணவனும் அதைத்தான் சொன்னான்.

அவனுக்கு அப்போது வயது இருபத்தாறு. இடது முழங்காலுக்குச் சற்றுக் கீழே வலி. என்னிடம் தொலைபேசியில் சொன்னபோது, வீட்டில் காய்ச்சிய தைலம் ஒரு குப்பி கொடுத்தனுப்பி, 'இரவில் நன்றாக அழுத்தித் தேய்த்துக்கொள், தம்பி' என்று சொன்னவன் நானே. அதை இங்கே மறைப்பதற்கில்லை. அவன் ஆசிரியர் சொல்லைத் தட்டாத பிள்ளை. நான்கு மாதம் தேய்த்தான். பகலில் நடந்தால் வந்த வலி, பின்னர்ப் படுத்திருக்கும்போதும் வரத் தொடங்கியது. முழங்காலுக்குக் கீழே ஒரு பக்கம் மட்டும் உப்பியது. ஒருநாள் நிறுவனப் பேருந்திலிருந்து இறங்கும்போது கால் மடங்கி விழுந்தான். அன்றுதான் முதன்முதலாக எக்ஸ்ரே எடுக்கப்பட்டது. கணைக்கால் எலும்பின் தலைப்பகுதியில், மூட்டை ஒட்டி, எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கருமையான வெற்றிடம் தெரிந்தது. 'எலும்பில் கட்டி' என்றார் மருத்துவர். அவன் தாயார் அவ்விடத்திலேயே தரையில் அமர்ந்துவிட்டார்.

சொல்லைப் பற்றி ஒரு தமிழாசிரியன் இரண்டு வரி பேச இசைவு தாருங்கள். கட்டி என்பது நம் மொழியில் பல பொருள் உடைய சொல். வெல்லக்கட்டியும் கட்டிதான், சீழ்பிடித்த கட்டியும் கட்டிதான். ஆகவே ஒரு சாரார் கட்டி என்று கேட்டவுடன், பழுத்து உடைந்துவிடும் என்று பற்றுப் போடுகின்றனர். மறு சாரார் அதைப் புற்று என்றே பொருள்கொண்டு நடுங்குகின்றனர். கொழுப்புக் கழலை என்று உடலில் உருளும் முடிச்சைச் சொல்கிறோம் அல்லவா? அந்தக் 'கழலை' என்ற பழஞ்சொல் இதற்கு இன்னும் பொருந்தும். வழக்கில் இல்லையே என்பதுதான் குறை. மருத்துவர்கள் இவ்வகைக் கட்டிகளைத் 'தீங்கற்ற கட்டி' என்று மொழிபெயர்த்துச் சொல்கின்றனர். அந்தப் பெயரோடும் எனக்கு ஒரு வழக்கு உண்டு. பெரும்பாலும் உடலின் பிற உறுப்புகளுக்குப் பரவாது, உயிரைக் குடிக்காது என்பதே அதன் பொருள். இருக்கும் இடத்தில் ஒன்றும் செய்யாது என்பது பொருளன்று.

எலும்பிலேயே தோன்றும் புற்று அரிது. தீங்கற்ற கட்டிகளோ அதனினும் மிகுதி. அவற்றுள் பல, தாம் இருப்பதையே உடையவர்க்குத் தெரிவிக்காமல் காலம் கழித்துவிடும். வேறெதற்கோ எடுத்த எக்ஸ்ரேயில் தற்செயலாகத் தென்படும். வளரும் பிள்ளைகளின் தொடையெலும்பு ஓரத்தில் காணப்படும் நார்த்திசுக் கட்டி ஒன்று உண்டு. பிள்ளை வளர வளரத் தானே எலும்பாகி மறைந்துவிடும். பந்து எறிந்தபோதே தோளருகில் கையெலும்பு முறிந்தது என்று தூக்கிவரும் சிறுவனுக்கு, அவ்விடத்தில் நீர் நிறைந்த பை ஒன்று முன்பே இருந்திருக்கும். விரலெலும்புகளில் குருத்தெலும்புக் கட்டிகள் தோன்றும். இவற்றையெல்லாம் விரித்துரைத்தால் பொழுது போதாது.

ஒன்றை மட்டும் சொல்லாமல் விட மனமில்லை. கடலைப்பருப்பு அளவே இருக்கும் ஒரு கட்டி, ஆளைத் தூங்கவிடாது. 1935ஆம் ஆண்டில் நியூயார்க் நகர மருத்துவர் ஜாஃபே என்பவர் இதைத் தனி நோயாக வரையறுத்தார். ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்பது பெயர். இளைஞர்களுக்கே மிகுதியாக வரும். இரவில் குடையும், ஒரு ஆஸ்பிரின் மாத்திரை விழுங்கினால் விட்டுவிடும், மறுநாள் இரவு மீண்டும் வரும். படிப்பில் நாட்டமில்லாமல் நடிக்கிறான் என்று பெற்றோரிடம் ஏச்சு வாங்கிய பிள்ளைகள் இந்நோயாளிகளுள் உண்டு. சாதாரண எக்ஸ்ரேயில் தப்பிவிடக்கூடியது, சி.டி. ஸ்கேனில் சிறு பொட்டாகத் தெரியும். முன்பு எலும்பை வெட்டித் தேடினார்கள். இப்போது ஸ்கேன் காட்டும் வழியில் ஊசியைச் செலுத்தி, ரேடியோ அலைகளால் அதன் நுனியைச் சூடேற்றிச் சில நிமிடங்களில் கட்டியைப் பொசுக்கிவிடுகின்றனர். பலரும் ஓரிரு நாளில் வீடு திரும்பி, முதல் இரவே நன்றாக உறங்குகின்றனர்.

என் மாணவனுக்கு வந்தது வேறு. அதற்கு ஜெயன்ட் செல் கட்டி என்று பெயர். நுண்ணோக்கியில் பார்த்தால் பல உட்கருக்கள் கொண்ட பேருருவ உயிரணுக்கள் தென்படுவதால் அப்பெயர். இலண்டன் மருத்துவர் ஆஸ்லி கூப்பர் 1818லேயே இதைக் குறித்து எழுதியிருக்கிறார். எலும்பின் வளர்ச்சி முடிந்த பிறகு, இருபது முதல் நாற்பது வயதுக்குள் இருப்பவர்களையே பெரும்பாலும் பற்றுகிறது. அதாவது, குடும்பத்தைத் தாங்கத் தொடங்கும் வயது. முழங்காலைச் சுற்றிய எலும்பு முனைகளையும் மணிக்கட்டையும் மிகுதியாக விரும்பும். மேலை நாடுகளில் எலும்பில் தோன்றும் கட்டிகளுள் நூற்றுக்கு ஐந்து அளவே இது. சீனாவிலும் தென்னிந்தியாவிலும் நூற்றுக்கு இருபது வரை இருக்கலாம் என்று மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. தென்னிந்தியாவில் இக்கட்டி பற்றிய ஆய்வுரை ஒன்று 1974ஆம் ஆண்டிலேயே அமெரிக்க எலும்பியல் இதழில் வெளிவந்திருக்கிறது. ஆகவே இது எங்கோ யாருக்கோ வரும் நோயன்று. நின்று வேலை செய்வதாலோ, அடிபட்டதாலோ, உணவாலோ வருவதும் அன்று. அடிபட்டபோது கண்ணில் படுகிறது, அவ்வளவே.

இதன் இயல்பை விளக்க ஓர் உவமை சொல்கிறேன். இவ்வூரில் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் 2020 நவம்பரில் திறக்கப்பட்டு, சென்னைக்குக் குடிநீர் வழங்கும் ஐந்தாம் நீர்நிலை ஆயிற்று. அது இயந்திரங்கள் கட்டிய கரை. அதற்கு முன் நாம் அறிந்தவை மண்கரை ஏரிகள். அந்தக் கரையில் நண்டு வளை தோண்டினால் வெளியிலிருந்து பார்ப்பவனுக்குக் கரை முழுதாகவே தெரியும். உள்ளே கூடாகியிருக்கும். மழைநாளில் ஒரு கல் சரியும்போதுதான் ஊரார் ஓடிவருவார்கள். என் மாணவனின் எலும்பும் அப்படித்தான் இருந்தது. மேலோடு முட்டையோடு போல் மெலிந்து, ஓரிடத்தில் உடைந்தும் இருந்தது. நான் தைலம் தேய்க்கச் சொன்னது அந்த ஓட்டின் மேல்.

நோயை அறியும் வரிசை எது? முதலில் எக்ஸ்ரே. எத்தனையோ புதிய கருவிகள் வந்தும், எலும்புக் கட்டியைப் பொறுத்தவரை முதல் சான்று இன்றும் அந்தச் சாதாரணப் படமே. நோயாளியின் வயது, எந்த எலும்பு, எலும்பின் எப்பகுதி, கட்டியின் ஓரம் தெளிவாக இருக்கிறதா கலங்கியிருக்கிறதா என்ற நான்கைக் கொண்டே தேர்ந்த மருத்துவர் பாதி முடிவுக்கு வந்துவிடுவார். அடுத்து எம்.ஆர்.ஐ.; கட்டி மச்சையில் எவ்வளவு தூரம் சென்றிருக்கிறது, தசையில் நுழைந்திருக்கிறதா, மூட்டைத் தொட்டுவிட்டதா என்று அது காட்டும்.

இதற்கிடையே இரத்தப் பரிசோதனையும் கேட்பார்கள். 'எலும்பு நோய்க்கு இரத்தம் எதற்கு, ஐயா? பணம் பறிக்கத்தானே?' என்று மாணவனின் மாமா என்னிடம் சினந்தார். நானும் அப்போது விழித்தேன். பின்னர்தான் விளங்கியது: கழுத்தில் தைராய்டின் பின்னால் இருக்கும் பாராதைராய்டு சுரப்பிகள் அளவு மீறிச் சுரந்தாலும் எலும்பில் இதே போன்ற பள்ளங்கள் விழும், நுண்ணோக்கியில்கூட ஏறத்தாழ ஒன்றுபோலவே தோன்றும். அங்கே மருத்துவம் செய்ய வேண்டியது கழுத்துக்கு, காலுக்கு அன்று. கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு சுரப்பு ஆகியவற்றைப் பார்த்துவிட்டால் இந்த மயக்கம் நீங்கும். நம் நாட்டில் எலும்புக் காசநோயும் கட்டி போல நடிக்கும். அதையும் விலக்க வேண்டும்.

அதன்பின் பயாப்சி என்னும் திசுப் பரிசோதனை. இங்கேதான் எங்கள் பயணம் இரண்டு மாதம் தடைப்பட்டது. 'கத்தி பட்டால் பரவிவிடும்' என்று உறவினர் ஒருவர் சொன்னார். கேட்ட பெண்கள் எல்லாரும் தலையசைத்தனர். பையனை வேறொரு ஊருக்கு அழைத்துச் சென்று, மூங்கில் பத்தை வைத்துக் கட்டுப் போட்டு வந்தனர். நான் நேரில் சென்று தாயாரிடம் பேசினேன். 'ஐயா, நீங்கள்தானே தைலம் கொடுத்தீர்கள்?' என்று கேட்டார் அவர். சினந்து கேட்கவில்லை, தெரிந்துகொள்ளவே கேட்டார். 'ஆம் அம்மா, அது என் பிழை. அந்தப் பிழையை இன்னும் இரண்டு மாதம் நீட்டிக்க வேண்டா' என்றேன். மறுநாள் புறப்பட்டோம்.

கத்தி பட்டால் பரவும் என்ற சொல்லில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆனால் மக்கள் எண்ணும் வகையில் அன்று. ஊசி சென்ற வழியில் கட்டியின் அணுக்கள் தங்கக்கூடும். ஆகையால் பின்னர்ச் செய்யும் அறுவையில் அந்த வழியையும் சேர்த்து நீக்கும்படி, இடம் அறிந்து ஊசி செலுத்த வேண்டும். அதனால் அறுவை செய்யப்போகும் மருத்துவரோ, அவர் குழுவோ பயாப்சி செய்வதே முறை. அமெரிக்க மருத்துவர் மேன்கின் 1982இல் 329 நோயாளிகளின் ஏடுகளை ஆராய்ந்து, முறையற்ற பயாப்சியால் நூற்றுக்கு நான்கரைப் பேர் தேவையின்றிக் கைகால் இழந்ததாக எழுதினார். அவர்கள் தீய கட்டி உடையவர்கள்; ஆனால் ஊசி போடும்போது கட்டி எவ்வகை என்று யாருக்கும் தெரியாதல்லவா? தெரிந்துகொள்ளத்தானே ஊசி! ஆகவே, 'இங்கேயே வெட்டிப் பார்த்துவிடலாம்' என்று யாரேனும் விரைந்தால், எலும்புக் கட்டிகளைத் தொடர்ந்து பார்க்கும் மருத்துவமனைக்கு எழுதித் தருமாறு பணிவோடு கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் அவனுக்கு அறுவை நடந்தது. எலும்பில் ஒரு சாளரம் திறந்து, கட்டியைச் சுரண்டி எடுத்தனர். வெறுமனே சுரண்டினால் நான்கில் ஒருவருக்கேனும் கட்டி மீண்டும் வளர்ந்துவிடும். சில கணக்குகளில் பாதிப் பேருக்கு. அதனால் விரைந்து சுழலும் கருவியால் சுவரைக் கடைந்து, பீனால் போன்ற மருந்தால் கழுவி, அந்தக் குழியை எலும்புச் சிமென்ட்டால் நிரப்பினர். வீட்டுச் சிமென்ட் அன்று. அக்ரிலிக் வகைப் பொருள். இறுகும்போது வெப்பம் உண்டாகி மிச்சமிருக்கும் அணுக்களைச் சுடும் என்பது அதன் ஒரு பயன்; உடனே வலிமை தரும் என்பது இன்னொன்று; மீண்டும் கட்டி தோன்றினால் எக்ஸ்ரேயில் சிமென்ட்டின் ஓரத்தில் எளிதாகத் தெரிந்துவிடும் என்பது மற்றொன்று.

சிலருக்கு இடுப்பு எலும்பிலிருந்து சிறிது எடுத்துக் குழியில் வைப்பர். கடையில் விற்கும் மாற்றுப் பொருள்களும் உண்டு. அவற்றுள் சில விலங்கெலும்பிலிருந்து செய்யப்படுபவை, சில முற்றிலும் செயற்கை. நம் குடும்பத்தார் இதைப் பற்றி முன்னரே மருத்துவரிடம் மனம்விட்டுக் கேட்கலாம். பெரும்பாலும் வேறு வழி இருக்கும். கேட்காமல் இருந்துவிட்டு, அறுவை முடிந்தபின் வீட்டில் சண்டையிட்ட ஒரு குடும்பத்தை நான் அறிவேன்.

மூட்டே சிதைந்துபோனவர்க்குச் சுரண்டுதல் போதாது. எலும்பு முனையையே நீக்கி, அளவெடுத்துச் செய்த உலோக மூட்டைப் பொருத்த வேண்டும். ஒரு காலத்தில் அத்தகையோர்க்குக் காலையே எடுத்துவிடுவது வழக்கமாயிருந்தது. சென்னையைச் சேர்ந்த டாக்டர் மயில்வாகனன் நடராஜன் இத்துறையில் 1980களின் இறுதியிலிருந்து உழைத்தவர். நோயாளியின் அளவுக்கேற்பப் பெருமூட்டுகளை இந்நாட்டிலேயே செய்வித்துப் பொருத்தியவர். முழங்காலை அடுத்த ஜெயன்ட் செல் கட்டிகளுக்கு அம்முறையில் செய்த மருத்துவம் பற்றி அவர் குழுவினர் 2007இல் இந்திய எலும்பியல் இதழில் எழுதினர். அதே ஆண்டில் அவர் பத்மஸ்ரீ பெற்றார். நம் மாநிலத்து மருத்துவப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராகவும் விளங்கினார். டெனோசுமாப் என்ற ஊசி மருந்தும் இப்போது உண்டு. அமெரிக்காவில் 2013இல் இக்கட்டிக்கென ஒப்புதல் பெற்றது. அறுவை செய்ய இயலாத இடங்களுக்கு அது பெருந்துணை. ஆனால் எல்லார்க்கும் பொதுவான மருந்தன்று. நிறுத்தினால் கட்டி திரும்பலாம். எப்போது தரலாம் என்பதை மருத்துவர் முடிவுக்கே விட வேண்டும்.

செலவைப் பற்றிச் சொல்லாவிட்டால் இப்பேச்சுக்குப் பயனில்லை. என் மாணவன் எக்ஸ்ரே எடுக்காமல் நாள் கடத்தியதற்குத் தைலம் மட்டும் காரணமன்று. ஒரு நாள் விடுப்பு எடுத்தால் ஒரு நாள் கூலி போய்விடும் என்ற கணக்கும் காரணம். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் தொழிலாளி ஈ.எஸ்.ஐ. வரம்பில் வருவார். ஒப்பந்தத் தொழிலாளியும் அதில் அடங்குவார். மருத்துவம் மட்டுமன்றி, உரிய பங்களிப்பு செலுத்தியிருந்தால் நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அட்டை எண்ணைக்கூட அறியாமல் ஆண்டுக்கணக்கில் பணிபுரிகின்ற பிள்ளைகள் இங்கு இருக்கிறார்கள். நாளைக்கே கேட்டு வாங்குங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்களுக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. திருவள்ளூரிலேயே 2022 சனவரி முதல் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. முதல் எக்ஸ்ரேவுக்குச் சென்னை வரை போக வேண்டிய தேவையில்லை.

இனி ஒரு செய்தி, தாய்மார்களுக்காக. தூரத்து உறவு முறையில் ஒரு வீட்டில் பதின்மூன்று வயதுப் பெண்ணுக்கு முழங்காலுக்கு மேலே உட்பக்கம் கெட்டியான மேடு. அந்தத் தாய் அதை ஓராண்டு யாரிடமும் சொல்லவில்லை. நம் சமுதாயம் சிறியது. ஒரு வீட்டில் இருமினால் பத்து ஊரில் கேட்கும். நாளைக்குப் பெண் பார்க்க வரும்போது பேச்சாகிவிடுமே என்ற அச்சம். எக்ஸ்ரே எடுத்ததில் ஆஸ்டியோகாண்ட்ரோமா என்றார்கள். தீங்கற்ற எலும்புக் கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது அதுவே. எலும்பின் ஓரத்தில் குருத்தெலும்புத் தொப்பி அணிந்து முளைக்கும் கிளை. பெண் வளரும் வரை அதுவும் வளரும், அவள் வளர்ச்சி நின்றால் அதுவும் நிற்கும். நரம்பையோ இரத்தக் குழாயையோ அழுத்தினால், வலித்தால் எடுப்பார்கள், இல்லையேல் விட்டுவிடுவார்கள். வளர்ச்சி நின்றபின் அது பெரிதானாலோ புதிதாக வலித்தாலோ மட்டும் உடனே காட்ட வேண்டும். ஒற்றையாக இருப்பது தீயதாக மாறுவது நூற்றில் ஒன்று என்ற அளவே. உடலில் பல இடங்களில் முளைத்தால் அது பரம்பரையாக வருவது. பெற்றோரில் ஒருவர்க்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வர இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அத்தகைய வீட்டில் மறைப்பதைவிடச் சொல்லிப் பெண் கொடுப்பதே நேர்மை. அந்தப் பெண்ணுக்கு ஒன்றே ஒன்றுதான். அறுவை வேண்டா என்றார் மருத்துவர். ஓராண்டு உறக்கமின்றிக் கழித்த தாய், மருத்துவர் அறையில் இருந்தது பத்து நிமிடம்.

ஓய்விலும் இரவிலும் வலிப்பது, ஒரு பக்கம் மட்டும் வீங்கிக்கொண்டே போவது, சிறு தடுக்கலுக்கே எலும்பு முறிவது, நான்கு வாரம் கடந்தும் தீராத வலி: இவற்றில் எது இருந்தாலும் எண்ணெய்க் குப்பியைத் தேடாமல் எக்ஸ்ரே அறையைத் தேடுங்கள். வலிக்கும் இடத்தை அழுத்தித் தேய்க்க வேண்டா. நெட்டி முறிக்க வேண்டா.

என் மாணவன் இப்போது அமர்ந்து செய்யும் பிரிவுக்கு மாற்றல் பெற்றிருக்கிறான். சம்மணமிட்டு உட்கார முடியவில்லை என்பதைத் தவிர வேறு குறை சொல்வதில்லை. இக்கட்டி மீண்டும் வருவதானால் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் வரும். நூற்றில் சிலருக்கு நுரையீரலிலும் தோன்றுவதுண்டு. அதனால் குறித்த காலத்தில் காலுக்கும் மார்புக்கும் படம் எடுக்க வேண்டும். சென்ற முறை வேலை மிகுதி என்று ஒரு தவணையைத் தவறவிட்டான். அடுத்த தவணை வரும் மாதம். அவனும் இதோ பின்வரிசையில் அமர்ந்திருக்கிறான். இம்முறை உடன் செல்வதாக அவன் தாயாருக்கு நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். விடுப்புக்கு இன்றே எழுதிக் கொடுத்துவிடு, தம்பி.